ஈரமண் எதற்கு?

இதை எனக்குச் சொன்னவள் என் விடுதித் தோழி மணிமொழி. அவளுக்கு யார் சொன்னார்கள் என்பது அவளுக்கே நினைவில்லை.

ஓர் ஈச்ச மரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று முதல்முறை கட்டுகிறது. பாதிக் கூட்டைப் பார்த்தே துணையைத் தேர்ந்தெடுக்கும் பெண் குருவிகள் வர இரண்டே நாள்தான் இருந்தது. அதன் பாதிக் கூடோ காற்றில் ஓயாமல் ஆடியது.

"அண்ணே, எல்லாரும் உள்ளே ஈரமண் அப்புறீங்களே, எதுக்கு?"

"வந்துட்டாருய்யா!" என்றது மூத்த குருவி. "கீழே அத்தனை பழைய கூடு கிடக்கு. பார்த்துட்டு வந்து கேளு."

கிளையே சிரித்தது. புதுக் குருவிக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் இறங்கிப் போய்ப் பதினேழு கூடுகளுக்குள் தலையை விட்டுப் பார்த்தது. மறுநாள் அதே கிளைக்கு வந்தது.

"பதினேழையும் பார்த்தேன் அண்ணே. எல்லாத்துலயும் மண் இருக்கு. காரணம்தான் தெரியலை."

"காத்துல ஆடாம இருக்கத்தான்" என்றது மூத்தது.

"பெண் குருவிக்குப் பிடிக்கும்னுல்ல நான் வச்சேன்!" என்றது இன்னொன்று.

"நீங்க வச்சீங்க, நானும் வச்சேன்" என்றது மூன்றாவது.

"அப்ப நானே பார்த்துடறேன்" என்ற புதுக் குருவி, தன் கூட்டில் மண் அப்பியது. பக்கத்திலேயே மண் இல்லாமல் இன்னொரு பாதிக் கூடும் கட்டியது. மறுநாள் வந்த பெண் குருவி இரண்டையும் பார்த்துவிட்டு மண் வைத்த கூட்டில் அமர்ந்தது.

மூத்த குருவி பறந்து வந்தது. "தம்பி, அவங்க இதுல உட்கார்ந்தது கூடு ஆடாததாலயா, மண்ணு பிடிச்சதாலயா?"

"இருங்க அண்ணே, அவங்ககிட்டயே கேட்கிறேன்."

பிறகு நூலகத்தில் தேடிப் பார்த்தேன். தூக்கணாங்குருவி கூட்டுக்குள் மண் அப்புவது உண்மைதான். எதற்காக என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.