குதிரையின் இடது காது

தேரிக்காட்டின் செம்மணலில் எடுத்த கௌபாய் குறும்படத்துக்கு எஸ்தர்தான் ஒலி சேர்த்துக்கொண்டிருந்தாள். துப்பாக்கியும் தொப்பியுமாய் ஆட்கள் அலையும் அந்த ஊரில் மயில் அகவக்கூடாது என்பது இயக்குநர் இசக்கியின் கண்டிப்பு. தேரியிலோ மயிலுக்குப் பஞ்சமில்லை, காட்சிக்குக் காட்சி அகவியிருந்தன. ஒன்றுவிடாமல் துடைத்தெடுத்துவிட்டுக் கடைசிக் காட்சியை ஓடவிட்டாள். இரண்டு பேர் துப்பாக்கிப் பிடியில் கைவைத்து எதிரெதிரே நிற்கிறார்கள். பின்னால் நின்ற குதிரை, கடற்கரையில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றும் வாடகைக் குதிரை, சட்டென்று இடது காதைத் திருப்பியது.

"அது எதைக் கேக்குது?" என்றான் இசக்கி.

"நான் அழிச்ச மயிலைத்தான்."

அவன் தலையில் கைவைத்தான். "போச்சு. இதை வெட்டிட்டா படத்துக்கு முடிவே இல்லை மக்கா."

எஸ்தர் காற்றின் ஓசையைக் குறைத்தாள். கொஞ்சம் யோசித்து, அதையும் முழுக்க எடுத்துவிட்டாள். மறுபடி ஓட்டினார்கள். காது திரும்பியது. படம் முழுக்க மரக்கட்டையாய் நின்ற கதாநாயகன்கூட அந்த ஒரு கணம் துப்பாக்கியை மறந்து அதே பக்கம் பார்த்தான். எதிரியும் பார்த்தான். சத்தமே இல்லை. இசக்கி நாற்காலி நுனிக்கு வந்திருந்தான்.

"யாரோ வாரான்," என்றான்.

"யாரு?"

"எனக்கே தெரியலயே!" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "நான் எழுதவே இல்லை. ஆனா வாரான்."

இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். ஓடவிட்டுவிட்டு எஸ்தர் எழுந்துபோய், வெளிச்சத்தம் வரக்கூடாதென்று காலையிலிருந்து சாத்தியிருந்த இடப்பக்கக் கதவைத் திறந்து வைத்தாள்.