முளைவிட்ட நெல்மணி

நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் அடுக்கியிருந்த மூட்டைகளில் ஒன்றில், சாக்கின் ஓரமாக ஒட்டிக் கிடந்தது அந்த நெல்மணி.

"இந்த வருஷம் அரசாங்கம் நமக்கு விலையை ஏத்தியிருக்காம்," என்றது சாக்கு. "ஆனா ஈரம் காய்ஞ்சாத்தான் எடை போடுவாங்களாம். பாவம், செங்கமலம் காத்துக் கிடக்கிறா."

செங்கமலம் அந்த நெல்லை விளைவித்தவள். விதைநெல் முளைவிட்ட அன்று அவள் சூடம் கொளுத்திக் கும்பிட்டதைத் தாய்க்கதிர் சொல்லி நெல்மணி கேட்டிருக்கிறது.

கொள்முதல் நிலையத்தில் அன்றிரவு அடைமழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் எட்டாத மூட்டை அது. ஈரம் உள்ளே இறங்க இறங்க நெல்மணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"என்னை விதைச்சுட்டாங்க!" என்று கூவியது.

"ஐயோ, வேண்டாம், அடக்கிக்கோ! முளைச்ச நெல்லை எடுக்க மாட்டாங்க," என்று கெஞ்சியது சாக்கு.

தண்ணீர் பட்டால் முளைப்பதைத் தவிர நெல்லுக்கு வேறென்ன தெரியும்?

மழை ஓய்ந்ததும் செங்கமலம் ஓடி வந்தாள். மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். அவள் உள்ளங்கையில் வெள்ளை முளையை நீட்டியபடி, அவள் கும்பிடுவாள் என்று காத்திருந்தது நெல்மணி.