ரைமோவின் துடிப்பு

வீட்டுப் பாதையில் கார் திரும்பியதுமே கைப்பேசித் திரையில் ரைமோவின் துடிப்பு எண் ஏறத் தொடங்கியது.

சிர்பா வண்டியை பிர்ச் மரங்களுக்கு அடியிலேயே நிறுத்தினாள். என்ஜினை அணைக்கவில்லை.

எண்ணின் நீலம் மஞ்சளாயிற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் ஆரஞ்சாயிற்று.

நாலு மணிக்கே இருட்டிவிட்டது. சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. சனிக்கிழமைக் குளியல் நாள் ஆதலால், நீராவிக் குளியல் அறையான சானாவின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே இருக்கும் கணவன் கார் சத்தத்தைக் கேட்டிருப்பான். அந்த மனிதனின் நெஞ்சு பதைக்க அது ஒன்றே போதும் போலிருக்கிறது.

இலையுதிர் காலத்தில்தான் அவனுடைய இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நட, மூச்சுப் பயிற்சி செய், மன அழுத்தம் மட்டும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். மகள் சூவி உடனே அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று என இரண்டு சாம்பல் நிறப் பட்டைகளை அனுப்பிவைத்தாள். திரை கிடையாது, பொத்தான் கிடையாது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டால் துடிப்பையும் மன அழுத்தத்தையும் அதுவே அளந்து, ஆள் எங்கே இருந்தாலும் கைப்பேசிக்கு அனுப்பிவிடும்.

சிர்பாவின் திரையில் இருவர் பெயரும் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும். கீழே இருக்கும் தன் பெயரை அவள் பார்ப்பதே இல்லை. நோயாளி அவனல்லவா, தனக்கென்ன கேடு.

ரைமோவும் சொன்ன பேச்சைக் கேட்டான். நடைக்கோல்கள் இரண்டையும் ஊன்றிக்கொண்டு தினமும் ஏரியைச் சுற்றி வந்தான். வெண்ணெயைக் குறைத்தான். கண்ணை மூடி மூச்சை எண்ணினான். இத்தனை காலமும் எதற்கும் அடங்காதவன், ஒரு பட்டைக்கு அடங்கிப்போனான். எண்ணும் நீலத்தைவிட்டு நகரவில்லை.

போன சனிக்கிழமைக்குப் பிறகுதான் எல்லாம் கெட்டது.

அவள் மருந்துக்கடையில் வேலையாக இருக்கும்வரை நீலம். வீட்டுப் பாதையில் திரும்பினால் ஆரஞ்சு. இரவில் பக்கத்தில் படுத்து, அவனுக்கு மூச்சு வருகிறதா என்று விடிய விடியக் காது கொடுத்துக் கிடந்தாள். காலையில் எடுத்துப் பார்த்தால் இரவு முழுக்க ஆரஞ்சு.

வியாழக்கிழமை சோதித்தே பார்த்துவிட்டாள். பாதை வரை வந்தவள் வண்டியைத் திருப்பிக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போய்க் காப்பி வாங்கினாள். எண் மடமடவென்று இறங்கியது.

முப்பது வருஷத்துக்கும் மேல் கூட வாழ்ந்தவனுக்குத் தன் வருகையே நஞ்சாகிவிட்டது. இதைவிட ஒருத்திக்கு என்ன அவமானம் வேண்டும்? கோபப்படக்கூட அவளால் முடியவில்லை. நெஞ்சு பழுதான மனிதனிடம் என்ன கோபம்.

டிக்கியில் அவள் மாற்றுடைகளை அடைத்த துணிப்பை தயாராக இருந்தது. குவோப்பியோவில் இருக்கும் அக்கா அனெலியிடம் பேசியாயிற்று. கொஞ்ச நாள்தான், அவன் நெஞ்சு ஆறும்வரை. இன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

சொல்லும்போதே அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?

எண் சிவப்பைத் தொட்டது.

சமையலறைத் தரையில் குப்புறக் கிடக்கும் ரைமோ. இந்தத் திருப்பத்துக்கு வந்தாலே தினமும் அவள் கண்முன் வந்து நிற்கும் அதே காட்சி. கதவைத் திறக்கப் போனாள்.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

ரைமோ நின்றிருந்தான். குளியல் அங்கியும் ரப்பர் பூட்ஸுமாக, பனியில், கன்னம் சிவந்து சிரித்துக்கொண்டு. அவள் கண்ணாடியை இறக்கினாள்.

"என்ன, வண்டியிலயே குடித்தனமா? நல்ல சாசேஜா வாங்கினியா, இல்ல இன்னைக்கும் அந்த வான்கோழி ரப்பர்தானா?"

"ரைமோ, உனக்கு நெஞ்சு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? சானாவுக்கு விறகு போட்டேன், சோபாவுல ஒரு தூக்கமும் போட்டேன். இதோ பாரு, பட்டையக்கூட அப்பவே கழட்டி வெச்சாச்சு. சூட்டுல அந்தக் கொக்கி தோலைப் பொசுக்கிடும்ல."

அங்கிக் கையை விலக்கி மணிக்கட்டைக் காட்டினான். பட்டை இருந்த இடத்தில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

அவள் திரையைப் பார்த்தாள். ரைமோவின் பெயருக்கு நேராகச் சிவப்பு. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

பிறகு அதற்குக் கீழே பார்த்தாள். அவளுடைய பெயர். அதற்கு நேராக, 'கையில் அணியவில்லை.'

போன சனிக்கிழமை சானாவுக்குள் போகும் முன் இருவரும் பட்டையைக் கழற்றி உடைமாற்றும் அறையின் ஜன்னல் விளிம்பில் வைத்தார்கள். வெளியே வந்ததும், உடம்பில் ஆவி பறக்க, ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே, கைக்கு வந்ததை எடுத்து ஆளுக்கொன்றாகக் கட்டிக்கொண்டார்கள்.

சிர்பா தன் கோட்டுக் கையை மெல்ல மேலே தள்ளினாள். சாம்பல் நிறப் பட்டை மணிக்கட்டோடு ஒட்டிக் கிடந்தது.

"இறங்கு, சூடு ஆறிடப்போகுது. சாமானை நான் எடுத்துட்டு வரேன்," என்று சொல்லிக்கொண்டே ரைமோ வண்டியின் பின்பக்கம் போனான்.

டிக்கி திறக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, துணிப்பையின் ஜிப்பை அவன் இழுக்கும் சத்தம்.

அந்தத் துணிப்பையை அவனுடைய நெஞ்சுக்காகக் கட்டியதாகத்தான் இந்த நிமிஷம் வரை அவள் நினைத்திருந்தாள்.