சாட்சி சொன்ன பேன்கள்

இதை எனக்குச் சொன்னவர் ஓசூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் அறிவியல் கற்பிக்கும் எஸ்லின். கேட்ட நாள் 2024 மார்ச் 9.

"பத்தாம் வகுப்பு மெஹக்கோட அப்பா வந்து நிக்கிறாரு. பரிணாமப் பாடத்தைப் பத்திப் பேசணுமாம்," என்றார் தலைமையாசிரியர் முனிவேல். "அன்னைக்கே சொன்னேன், அந்த ரெண்டு பக்கத்தைத் தள்ளிட்டுப் போங்கன்னு. ஞாயித்துக்கிழமை ஜெபம், திங்கக்கிழமை டார்வினா?"

"ரெண்டும் என்னோடதுதான் சார்."

"சரிம்மா, மன்னிப்புக் கேட்டு அனுப்பிடுங்க. பெரிசாக்க வேணாம்."

எஸ்லின் எழுந்தார். பாடத்தில் ஒரு வரியைக்கூட விட்டுக்கொடுப்பதில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் வெளியே வந்தார்.

வராந்தாவில் கௌஸ் பாஷா நின்றிருந்தார். தலையில் தொப்பி, கையில் மூடிய டிபன் பாக்ஸ். அருகே மெஹக், தலையைக் குனிந்தபடி.

"டீச்சர், இயற்கைத் தேர்வுன்னு நடத்துனது நீங்கதானா?"

"நான்தான். இனியும் நடத்துவேன்."

"நடத்துங்க. ஆனா இந்த ஸ்கூலோட நிறுத்திட்டா எப்படிங்க?"



கௌஸ் பாஷா டிபன் பாக்ஸைத் திறந்தார். உள்ளே ரோஜா இலைகள். அவற்றின் அடிப்புறத்தில் செம்புள்ளிகளாகச் செடிப்பேன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"ரோஜா பாலிஹவுஸ்ல, அந்தப் பிளாஸ்டிக் கூடாரத் தோட்டத்துல, மருந்து அடிக்கிறவன் நான். பத்து வருசமாச்சு. முன்னெல்லாம் ஒரே அடியில செத்துடும். இப்ப சாகவே மாட்டேங்குது. நான் மருந்தை வித்துட்டு வெறுந்தண்ணி அடிக்கிறேனாம். எல்லார் எதிர்லயும் திருடன்னுட்டாரு ஓனரு. இனிமே வராதேன்னுட்டாரு. ராத்திரி சோறு இறங்கலை. பாப்பாதான் நோட்டைத் தூக்கிட்டு வந்து, 'அத்தா, இதைக் கேளுங்க'ன்னா."

எஸ்லின் மெஹக்கைப் பார்த்தார். "என்ன சொன்ன?"

மெஹக் நிமிர்ந்தாள். "லட்சம் பேன்ல நாலு பேன், மொதல்லருந்தே அந்த மருந்துக்குச் சாகாததா இருந்திருக்கும் மிஸ். மத்ததெல்லாம் செத்துடுச்சு. மிஞ்சுன நாலும்தான் முட்டை போட்டுது. இப்ப இருக்கிறதெல்லாம் அதுங்க பிள்ளைங்கதான். மருந்து அதே மருந்து. எங்க அத்தா தண்ணி அடிக்கலை."

கௌஸ் பாஷா தொண்டையைச் செருமினார். "நான் சொன்னா ஓனரு கேக்க மாட்டாருங்க. நீங்க வந்து சொல்லணும்."

"வர்றேன். ஆனா சொல்லப்போறது நான் இல்லை."

அறைக்குள்ளிருந்து முனிவேல் எட்டிப்பார்த்தார். "என்னம்மா, சமாதானம் ஆயிட்டாரா?"

"இல்லை சார். முதலாளிக்கும் பாடம் நடத்தணுமாம்."

அன்று மாலையே பாலிஹவுஸில், வேலையாட்கள் சூழ்ந்து நிற்க, மெஹக் ஓர் இலையைக் கவிழ்த்துக் காட்டி அதே விளக்கத்தைச் சொன்னாள்.

"பத்தாவது படிக்கிற பொண்ணு எனக்கு வகுப்பு எடுக்குதா?" என்றார் முதலாளி.

"என்னை நம்ப வேணாங்க சார். சீல் பிரிக்காத பாட்டிலை நீங்களே பிரிங்க, நீங்களே கலக்குங்க, ஒரு பாத்திக்கு நீங்களே அடிங்க," என்றாள் மெஹக்.

அடித்தார். மூன்றாம் நாள் எல்லோரும் கூடிப் பார்த்தபோது, முதலாளி கையால் மருந்து வாங்கிய பேன்களும் சுகமாக ஊர்ந்துகொண்டிருந்தன.

கௌஸ் பாஷா பேன்களையும் பார்க்கவில்லை, முதலாளியையும் பார்க்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி நின்றார்.

எஸ்லின் கதையை இவ்விடத்தில் நிறுத்துகிறார். அங்கு வேலை செய்வோரிடம் நான் கேட்ட மூன்று வடிவங்களிலும் முதலாளி அந்தப் பாத்தியருகிலேயே கைகூப்பி மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். குருபரப்பள்ளியில் ஆகஸ்டு மாதம் கதை சொன்ன மூர்த்தி என்பவர் மட்டும் வேறுவிதமாக முடித்தார்: "அதெல்லாம் சும்மாங்க. அன்னைக்கு அந்த ஆளு வாயே திறக்கலை. மன்னிப்புக் கேக்க அவனுக்கு நாலு மாசம் ஆச்சு."

மூர்த்தி சொன்னதையே நான் ஏற்கிறேன். அந்த முதலாளி அவர்தான்.