மண்ணுக்குள் ஒரு கொம்பு

சிந்தாமணி பசுமாட்டுக் கொம்பு ஒன்றில் பச்சைச் சாணத்தைத் திணித்து, உரமாகட்டும் என்று தன் வீட்டுத் தோட்டத்தில் புதைத்துவிட்டுப் போனாள். கொம்புக்கு அழுகை அழுகையாக வந்தது. வைக்கோல்போரையே முட்டிச் சாய்த்த தனக்கா இந்தக் கதி!

பனிக்காலம் மெல்ல மண்ணுக்குள் இறங்கியது. அரைத்தூக்கத்தில் கிடந்த கொம்பின் வாயருகே ஒரு மண்புழு வந்தது.

“உள்ளே கொஞ்சம் இடம் கொடு அண்ணே, குளிருது.”

“கிட்ட வந்தா குத்திடுவேன்!”

“ஏன், நீ என்ன பெரிய கொம்பனா?”

“கொம்பன் இல்லடா, கொம்பே நான்தான்!”

புழு சிரித்தது. கொம்புக்கும் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, வா” என்றது.

அதன்பின் அழுகை வரவில்லை. சாணம் கறுத்து, மிருதுவாகி, மழை வாசனை வீசியது. அந்த வாசனையில் கொம்பு கனவு கண்டுகொண்டே கிடந்தது.

பனி போய் வெயில் ஏறியதும் சிந்தாமணி கொம்பைத் தோண்டி எடுத்தாள். புழு நழுவி மண்ணுக்குள் புகுந்தது. “ஐயோ, என்னைக் காலி பண்ணாதே!” என்று கொம்பு கத்தியது அவள் காதில் விழவில்லை. உரத்தைத் தட்டியெடுத்து, வாளித் தண்ணீரில் சுழி விழக் கலக்கி, அந்தி நேரத்தில் பாத்திகளில் தெளித்தாள்.

வெறுங்கொம்பு வரப்பில் கிடந்து விசும்பியது.

கத்தரி இலையில் ஒரு துளி விழுந்தது. கொம்புக்குச் சில்லிட்டது. அவரைக்கொடியில் ஒரு துளி விழுந்தது. கொம்புக்குக் கூசியது.

ஈரமண்ணிலிருந்து புழு தலைநீட்டியது. “அண்ணே, எங்கே இருக்கே?”

கொம்பு விசும்பலை நிறுத்திப் பாத்திகளைப் பார்த்தது.

“தெரியலடா. எல்லாப் பாத்தியிலும் இருக்கிற மாதிரி இருக்கு.”