பாறைமேல் ஒரு வாளி

பிடி மண்ணுக்கும் பஞ்சமான பாறைக்குன்று. மின்சாரமும் இல்லை, குழாய்த் தண்ணீரும் இல்லை. அங்கே வீடு கட்டிக்கொண்டிருந்த தம்பதியிடம் கொத்தனார் கழிப்பறைப் பேச்சை எடுத்தார்.

"பாறையைத் தோண்ட முடியாதுங்க. தரைக்கு மேலேயே தொட்டி வச்சிரலாம். வருஷக்கணக்கா அதைத் திரும்பிப் பாக்க வேண்டாம்."

"வேற?" என்றார் கணவர்.

"வாளி வைக்கிற மாதிரி ஒண்ணு இருக்கு. போனதும் மேல மரத்தூள் தூவணும். நிறைஞ்சா நம்ம கையாலயே தூக்கிட்டுப் போய்க் கொட்டணும். அது மக்கி மண்ணாக ஒரு வருஷம் ஆகும். யாரும் இந்த மாதிரி வேணும்னு கேக்கமாட்டாங்க."

"அதுவே போதும்!" என்றனர் இருவரும் ஒரே குரலில்.

"கை நாறுமேம்மா!"

"நாறட்டும்," என்றாள் மனைவி. "வாளி சின்னதாவே இருக்கட்டும்."

கொத்தனார் தலையைச் சொறிந்தபடி அப்படியே அமைத்துக் கொடுத்தார்.

வீடு முடிந்ததும் கணவரின் அண்ணன் பெட்டியோடு வந்திறங்கினார். பழைய வீட்டுக்கு 'ரெண்டே நாள்' என்று வந்து அட்டையாய் ஒட்டிக்கொண்டவர். அவருக்கு அஞ்சித்தான் இவர்கள் குன்றேறியதே. கழிப்பறைக் கதவில் பலகை தொங்கியது: 'விருந்தினர் தம் வாளியைத் தாமே சுமக்கவும்.'

"நாளைக்கே மூக்கைப் பிடிச்சிட்டு ஓடிருவார் பாருங்க," என்று மனைவி கணவரின் காதைக் கடித்தாள்.

மறுநாள் காலை, அண்ணன் காலி வாளியை வீசிக்கொண்டு முகமலர்ச்சியோடு திரும்பினார்.

"தம்பி, இந்தப் பாறையில செடி வைக்க மண்ணில்லையேன்னு கவலைப்பட்டேன். இனிமே மண்ணு என் பொறுப்பு! மக்க ஒரு வருஷம் ஆகும்னு வர்ற வழியில பார்த்த உங்க கொத்தனார் சொன்னாரு. இருந்து, தோட்டம் போட்டுட்டே போறேன். வாளியை மட்டும் கொஞ்சம் பெரிசா மாத்திரும்மா!"