புழுவுக்கு ஆகாது

"பூவை அந்த ஆட்டுக்கல்லு மேலயே வெச்சுட்டுப் போங்க சம்பந்தி. உள்ளார ஆகாது."

மகளைப் பார்க்கச் சேந்தமங்கலத்திலிருந்து மலையேறி வந்த பானுமதிக்குக் கிடைத்த வரவேற்பு இதுதான். சுருக்கென்றது. வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு வந்தபோதும் கசங்காமல் மடியில் வைத்துக் காப்பாற்றிய மல்லிகைப்பூ.

சொன்னவள் மாதம்மாள், மகளின் மாமியார். வாசலுக்கு வெளியே மாட்டுக் கொட்டாய் ஓரமாகச் சாக்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து வரவில்லை. ஒரு கம்பளி வாங்க வக்கில்லை, அதிகாரத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை என்று பானுமதி மனசுக்குள் கருவினாள்.

பூவோடு விட்டாளா? படிக்கட்டில் வைத்திருக்கும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டுமாம். முகத்தில் பவுடர் இருந்தால் அதையும் கழுவிவிட வேண்டுமாம்.

கேட்டால், உள்ளறையில் பட்டுப்புழு வளர்க்கிறார்களாம். அதுக்கு வாசனை ஆகாதாம்.

யாரிடம் கதை விடுகிறாள்? கோகிலவாணி ஆசைப்பட்டு, அடம்பிடித்து, இந்த வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு வந்தவள். மாமியார் தேடிப் பிடித்த மருமகள் இல்லையே. அந்தக் கடுப்பைத்தான் புழு மேல் போட்டுத் தீர்த்துக்கொள்கிறாள் என்று பானுமதிக்குத் தோன்றிவிட்டது.

போன வாரம் போனில் மகள், "இங்க குளுரு சாஸ்திம்மா, கம்பளி பத்தலை" என்று சொன்னதிலிருந்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஏதாவது கோளாறு தெரிந்தால் கையோடு கூட்டிக்கொண்டு போய்விடுவது என்றுதான் வந்திருந்தாள். மகளின் துணிமணியை அள்ளிப் போட ஒரு காலிப் பைகூடக் கொண்டுவந்திருந்தாள்.

உள்ளே போனால் அடுக்கடுக்காக மூங்கில் தட்டுகள். தட்டு நிறையப் புழு. மூலையில் ஒரு சட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. நடுவில் உட்கார்ந்து கோகிலவாணி மல்பெரி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் பூ இல்லை, முகத்தில் பவுடர் இல்லை, கண் சிவந்து கிடந்தது. மாப்பிள்ளை யுவராஜ் இலை பறிக்கப் போயிருந்தான்.

பானுமதியின் கண் ஜன்னலுக்குப் போனது. அடப்பாவமே! கல்யாணத்துக்கு அவள் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த கம்பளி, ஆணி அடித்து அங்கே தொங்கியது. பக்கத்து ஜன்னலில் இன்னொரு பழைய கம்பளி.

ராத்திரி எங்கே படுக்கிறாய் என்று குரலைத் தணித்துக் கேட்டாள். இங்கேதான், புழுவோடதான் என்று சிரித்தாள் மகள். பயந்துபோய்த்தான் சிரிக்கிறாள் என்று பெற்றவளுக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்து வாசலில் இருந்து குரல் வந்தது.

"கண்ணு, கங்கு பத்துமா? கரி எடுத்தாரட்டா?"

பானுமதி எட்டிப் பார்த்தாள். மாதம்மாள் படிக்குக் கீழேயே நின்று உள்ளே நோட்டம் விட்டுக்கொண்டிருந்தாள். மேல்படியில் கால் வைக்கவில்லை. மருமகள் ஒழுங்காக வேலை செய்கிறாளா என்று வேவு பார்க்கிறாளாக்கும்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பானுமதி பையை எடுத்துக்கொண்டு விடுவிடுவென்று வெளியே வந்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, புழுவுக்காக ஒரு மனுசப் பிறவியைக் குளுருல போட்டு வதைப்பாங்களா? நெஞ்சுல கொஞ்சமாச்சும் ஈரம் வேண்டாமுங்களா?"

மாதம்மாள் வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமுள்ள நெஞ்சு என்று பானுமதி முடிவே கட்டிவிட்டாள்.

இலை நறுக்கிய கத்தியோடு கோகிலவாணி ஓடி வந்தாள்.

"அத்தையை எதுக்கும்மா பேசறே? இதெல்லாம் நான் போட்ட சட்டம்."

முதல் தடவை வளர்த்த புழு மொத்தமும் செத்துப்போனதாம். பூ வாசனை, பவுடர், கொசுவர்த்தி எதுவும் ஆகாது, புகையிலை கிட்டவே வரக்கூடாது, அறை கதகதப்பாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்களாம். மாமியாருக்கோ பல வருஷமாகவே புகையிலைப் பழக்கம். அதனால் புழு கூடு கட்டி முடிக்கும்வரை படியேறக் கூடாது என்று கோகிலவாணிதான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். சாப்பாடு வெளியிலேயே கொடுத்துவிடுகிறாளாம். படுக்கை மாட்டுக் கொட்டாயில்.

"ரெண்டாவது ஜன்னலுக்குக் கம்பளி பத்தலை. அத்தையோடதை வாங்கி மாட்டிட்டேன். அவங்களுக்குத்தான் சாக்கு இருக்குதுல்ல?"

சாமர்த்தியத்தைச் சொல்லும்போது மகளின் முகத்தில் ஒரு பெருமை.

பானுமதி திரும்பிப் பார்த்தாள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. சாக்கைப் பிடித்திருந்த மாதம்மாளின் விரல்கள் வெடவெடவென்று நடுங்கின.

"பொகையிலய உட்டுப் பாத்தனுங்க, முடியல" என்றாள் மாதம்மாள், தப்புச் செய்தவள்போல. "கண்ணு சொல்றது நாயந்தானுங்க. புழு கூடு கட்டிருச்சுன்னா உள்ளார போய்ப் படுத்துக்குவேன்."

 

பானுமதிக்கு இப்போதுதான் உயிர் வந்தது. காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் செருகினாள். தோளில் கிடந்த சால்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டாள். மாதம்மாளைப் பார்த்து இதமாகச் சொன்னாள்:

"தொழில்னு வந்துட்டாக் கறாராத்தான் இருக்கோணுமுங்க சம்பந்தி. புழுவுக்கு ஆகாதுன்னா, நாமதான் கொஞ்சம் குளுரைப் பொறுத்துக்கோணும்."